கட்டி என்ற ஒரு சொல் போதாது

நம் மொழியில் ‘கட்டி’ என்னும் சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. வெயில் காலத்தில் குழந்தைகளின் நெற்றியில் எழும் வேனற்கட்டியும் கட்டி, சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி யாவும் கட்டி, புற்றும் கட்டி. தோலின் மேல் எழுவதைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் ஓரளவு வேறுபடுத்திவிடுகிறோம். சிறுநீரகமோ விலா எலும்புகளுக்கு அடியில், முதுகுப் பக்கமாக ஆழத்தில் அமைந்த உறுப்பு. அங்கே உள்ளதைப் பற்றி நமக்குத் தெரிவிப்பது ஒரு தாள் மட்டுமே. கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவோ, வேறு ஏதோ வயிற்று வலிக்காகவோ எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் அறிக்கையில் ‘மாஸ்’ என்ற சொல் வருகிறது. அதைக் ‘கட்டி’ என்று யாரோ மொழிபெயர்க்கிறார்கள். பேருந்து போளூரையோ செங்கத்தையோ அடைவதற்குள் அது ‘புற்று’ ஆகிவிடுகிறது. அன்றிரவே நிலத்தின் பத்திரத்தை எடுத்து வைக்கும் குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் ஸ்கேன் ‘மாஸ்’ என்று சொன்னால், அது இன்னும் பெயர் தெரியாத ஒன்று என்பதே பொருள். அதற்குப் பெயர் தெரியும்வரை அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டியதில்லை. ‘வலி இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று வீட்டுக்குத் திரும்பவும் கூடாது. கடும் இரத்தக்கசிவு போன்ற அவசர நிலைகள் வேறு. மற்றபடி பெயரைக் கண்டறிவதற்கான கருவிகள் இன்று உள்ளன. அவற்றை முறையாகப் பயன்படுத்துமாறு கேட்பது நோயாளியின் உரிமை.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான திண்மக் கட்டிகளைப் புற்று என்று ஐயுற்று அகற்றி, பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக இருந்திருக்கிறது. பல நாடுகளின் மருத்துவமனைகளிலும் இதே அனுபவந்தான். இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். ஐந்தில் நான்கு உண்மையான புற்று. ஆகவே அலட்சியத்துக்கு இடமில்லை. ஐந்தில் ஒருவரோ தேவையில்லாமல் அறுவை மேசையில் படுத்தவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரவலாகிவிட்ட, வெயிலில் நின்று வயல் வேலை செய்வோர் மிகுந்த இம்மாவட்டத்தில், ஒரு சிறுநீரகத்தை இழந்தவருக்கு எஞ்சிய சிறுநீரகம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது சின்னக் கேள்வி அன்று. டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் அமர்ந்திருப்போரின் குடும்பத்தாருக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

முதலில், கட்டியே அல்லாத ‘கட்டி’களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் புறப்பகுதித் திசு, உட்பகுதியின் கூம்புகளுக்கு நடுவே தூண்போல் இறங்கி நிற்பது இயல்பான அமைப்பு. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் பெர்டின் பெயரால் அதனைப் ‘பெர்டின் தூண்’ என்று அழைக்கிறார்கள். சிலருக்கு அத்தூண் பிறவியிலேயே சற்றுப் பருத்திருக்கும்; அல்ட்ராசவுண்டில் அது உருண்டையான கட்டியைப் போலவே தோன்றும். இடப்பக்கச் சிறுநீரகத்தின் வெளி விளிம்பு, மேலே உள்ள மண்ணீரல் அழுத்துவதால், ஒட்டகத் திமிலைப்போல் புடைத்திருப்பதும் உண்டு. மருத்துவர்கள் வைத்த பெயரும் ‘ஒட்டகத் திமில்’தான். கருவில் இருக்கும்போது சிறுநீரகம் பல மடல்களாகப் பிரிந்து காணப்படும். அந்தப் பள்ளங்கள் குழந்தைப் பருவத்தில் மறைந்துவிடும். சிலருக்கு மறையாமல் முதுமைவரை நின்று, ஸ்கேன் பார்ப்பவரை ஒரு கணம் திகைக்க வைக்கும். முன்னர் வந்த தொற்றினால் ஒரு பகுதி சுருங்கித் தழும்பாகிவிட, நலமாக உள்ள அண்டைப் பகுதி ஈடுகட்டுவதற்காகப் பருத்து முண்டாகத் தோன்றுவதும் இந்த வகையே.

இவை நோயே அல்ல. வெட்டி எடுத்தால் நலமான சிறுநீரகத்தையே வெட்டியவர்களாவோம். இவற்றை அடையாளம் காணும் வழியும் எளிதில் விளங்கக்கூடியது: சாய மருந்து செலுத்திப் படம் எடுக்கும்போது இவை பக்கத்தில் உள்ள இயல்பான திசுவைப்போலவே, அதே நேரத்தில், அதே அளவில் ஒளிரும், இரத்தக் குழாய்கள் ஒதுங்கிப் போகாமல் இயல்பாக ஊடுருவிச் செல்லும். புற்றுக்கட்டி அப்படி ஒளிராது. ஒன்று முந்திக்கொள்ளும், அல்லது பின்தங்கும். ஐயம் இன்னும் தீராவிட்டால், டி.எம்.எஸ்.ஏ. என்னும் அணு மருத்துவ ஸ்கேனைப் பெரிய மையங்களில் எடுக்கலாம். இயல்பான சிறுநீரகத் திசு அம்மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், கட்டி உறிஞ்சாது.

அடுத்தது நீர்க்கட்டி. ஐம்பது வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கேனும் சிறுநீரகத்தில் ஒரு சாதாரண நீர்க்கட்டியாவது இருக்கும். நரை விழுவதைப்போல வயதோடு வருவது. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்பு எதுவும் இல்லை என்றால் அதற்கு மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். அதைக் ‘கரைக்க’ என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்கவும் வேண்டாம். (வாழைத்தண்டுப் பொரியலுக்கு நாங்கள் எதிரியல்லர்; நல்ல உணவு. சிறுநீரகக் கோளாறு முற்றியவர்கள் மட்டும் அதிலுள்ள பொட்டாசியத்தைக் குறித்துத் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

நீர்க்கட்டிகள் எல்லாமே இப்படிச் சாது அல்ல. நியூயார்க்கில் பணியாற்றிய கதிரியக்கவியல் நிபுணர் மார்ட்டன் போஸ்னியாக், சி.டி. படத்தில் தெரியும் சுவரின் தடிப்பு, உட்தடுப்புகள், சாய மருந்தில் ஒளிரும் பகுதிகள் ஆகியவற்றைக் கொண்டு நீர்க்கட்டிகளைத் தரம் பிரிக்கும் முறையை 1986-இல் வெளியிட்டார். பின்னர் திருத்தப்பட்டு, 2019-இல் எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் விரிவாக்கப்பட்ட அந்த வகைப்பாடே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. முதல் இரு தரங்கள் தீங்கற்றவை. ‘2-எஃப்’ என்பது தொடர்ந்து கண்காணிக்க வேண்டியது, பெரும்பாலும் தீங்கற்றதே. மூன்றாம் தரத்தில் ஏறத்தாழப் பாதி புற்றாக இருக்கும். நான்காம் தரத்தில் பத்தில் ஒன்பது. இரண்டுக்கும் நான்குக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கையில், ‘நீர்க்கட்டி உள்ளது’ என்ற இரண்டே சொற்களோடு ஒரு அறிக்கை முடிந்தால் அது முழுமையற்ற அறிக்கை. “போஸ்னியாக் தரம் எது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தரத்தையும் வகையையும் சொல்லும் ஆற்றல் சி.டி. படத்துக்கு எங்கிருந்து வருகிறது? 1971 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படமெடுத்த சி.டி. கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1979-இல் நோபல் பரிசை ஆலன் கார்மக்குடன் பகிர்ந்துகொண்டார். ஊடுகதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கருவி ஓர் எண் தருகிறது. தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். இந்த எண்களே மருத்துவரின் துலாக்கோல்.

கட்டிக்குள் கழித்தல் 10-க்கும் கீழான எண் தெளிவாகக் கிடைத்தால் அங்கே கொழுப்பு உள்ளது. ஏறத்தாழ நிச்சயமாக அது ‘ஆஞ்சியோமயோலிபோமா’ என்னும் தீங்கற்ற கட்டி. (கொழுப்போடு சுண்ணாம்பும் படிந்திருந்தால் மட்டும் மறுபடி யோசிக்க வேண்டும்.) சாய மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணில் மாற்றமே இல்லை என்றால் அது இரத்த ஓட்டம் இல்லாத நீர்க்கட்டி. 20-க்கு மேல் எண் ஏறினால் உள்ளே இரத்த ஓட்டம் உள்ள திண்மக் கட்டி. 10-க்கும் 20-க்கும் இடையே நின்றால் துலாக்கோல் ஆடுகிறது என்று பொருள், எம்.ஆர்.ஐ. போன்ற வேறு பரிசோதனையின் துணை வேண்டும்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு மனக்குறை. ‘முன்னும் பின்னும்’ ஒப்பிட வேண்டுமானால் முன்னும் எடுத்திருக்க வேண்டும், பின்னும் எடுத்திருக்க வேண்டும். வயிற்றுக்கான பொது சி.டி. பெரும்பாலும் சாய மருந்து செலுத்தியபின் ஒரே ஒரு முறை எடுக்கப்படுவது. குடல்வாலுக்கு அது போதும். சிறுநீரகக் கட்டிக்குப் போதாது. மருந்துக்கு முன் ஒரு கட்டம், மருந்து புறப்பகுதியை அடையும்போது ஒரு கட்டம், சிறுநீரகம் முழுதும் சீராக நிறையும்போது ஒரு கட்டம், தேவைப்பட்டால் சிறுநீரில் வெளியேறும்போது இன்னொரு கட்டம் என்று, சிறுநீரகத்துக்கென்றே திட்டமிட்டு எடுக்க வேண்டும். தேரடித் தெருவிலிருந்து பார்க்கும் அண்ணாமலையும் அடி அண்ணாமலையிலிருந்து பார்க்கும் அண்ணாமலையும் ஒன்றுபோல் தோன்றுவதில்லை. ஒரே இடத்தில் நின்றவர் மலையின் வடிவம் இதுதான் என்று சாதிக்க முடியாது. ஒரே கட்டத்தில் எடுத்த படத்தை வைத்துக் கட்டியின் பெயரைச் சொல்வதும் அப்படித்தான்.

இன்னொரு மனக்குறை, அறிக்கைகளின் கடைசி வரி. ‘மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிட்டுக் காண்க’ என்று முடியும் அறிக்கைகள் நாடெங்கும் வழங்குகின்றன. எழுதுபவருக்கு அது பாதுகாப்பான வரி. நோயாளிக்கோ அடுத்து எங்கே போவது என்று அது சொல்வதில்லை. கட்டியின் அளவு, கொழுப்பு உண்டா இல்லையா, சாய மருந்துக்கு முன்னும் பின்னும் எண் என்ன, அடுத்த பரிசோதனை எது, எப்போது என்ற விவரங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை. இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கருவிக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘ஆன்கோசைட்டோமா’ என்ற தீங்கற்ற கட்டி ஒன்று உள்ளது. அதன் நடுவில் சில வேளை தழும்பு போன்ற நட்சத்திர வடிவம் தெரியும். ஆனால் அதே வடிவம் புற்றிலும் தெரியக்கூடும். சி.டி. இவ்விடத்தில் திட்டமாகச் சொல்லாது. செஸ்டாமிபி என்னும் மருந்தைக் கொண்டு எடுக்கும் அணு மருத்துவப் படம் ஓரளவு துணை செய்கிறது. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமயோலிபோமாவும் இவ்வாறே ஏமாற்றும். நம் நாட்டில் இவற்றோடு தொற்றுநோய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் காசநோய் கட்டியைப்போல் தோன்றும். பெரிய கல்லை நெடுங்காலம் கவனியாமல் விட்டதால் வரும் ஒருவகை நாட்பட்ட அழற்சி, முதிர்ந்த புற்றையே ஒத்திருக்கும். காய்ச்சல், எடை குறைதல், பழைய காசநோய், பழைய கல் என எதையும் ‘இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு’ என்று நினைத்து மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

படங்கள் முடிவு சொல்லாத இடத்தில் ஊசி வழித் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்சி, கைகொடுக்கும். ‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்ற அச்சம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியுள்ளது. சிறுநீரகத்தின் சிறு திண்மக் கட்டிகளைப் பொறுத்தவரை, உறைக்குழாய் வழியே ஊசி செலுத்தும் இன்றைய முறையில் அவ்வாறு பரவுவது மிக மிக அரிது. இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு அதைவிட நடைமுறையில் முக்கியமானது. ஆகவே இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை உட்கொள்வோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் வடியும் உட்குழிவின் உட்சுவரில் எழும் புற்று என்று ஐயம் இருந்தால் மட்டும் தோல் வழியே ஊசி செலுத்துவதைத் தவிர்ப்பார்கள். எல்லாருக்கும் பயாப்சி தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடும் என்றால், வதந்திக்கு அஞ்சி அதை மறுப்பது சரியன்று.

இதுவரை படித்தவர்கள், நாங்கள் அச்சத்தை நீக்குவதிலேயே குறியாக இருப்பதாக எண்ணக்கூடும். மறுபக்கத்தையும் இந்த ஊர் அறியும். 1949 பிப்ரவரியில் ஸ்ரீ ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கைக்குக் கீழே தோன்றிய ஒரு சிறு கட்டி அகற்றப்பட்டது. பார்வைக்கு எளிய கட்டி. சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தது. அது சார்கோமா என்னும் புற்று என்று பின்னரே தெரிய வந்தது. தொடர்ந்து அறுவைகளும் ரேடியம் சிகிச்சையும் நடந்தன. 1950 ஏப்ரல் 14 அன்று மகரிஷி சமாதியடைந்தார். தோலுக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த கட்டியின் இயல்பே அன்று முன்கூட்டித் தெரியவில்லை. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பிறவாத காலம் அது. இன்று அவை பக்கத்திலேயே இருக்க, ‘சிறியதுதானே’ என்று அளவை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவதற்குக் காரணம் இல்லை. குறிப்பாக, வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போனால், ஒரே ஒருமுறை போய் நின்றுவிட்டாலும், சூடு என்று சொல்லி மோர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

நாள் பார்ப்பது குறித்தும் ஒரு சொல். சிறுநீரகத்தின் சிறு திண்மக் கட்டிகள் சராசரியாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. எனவே நல்ல மையத்தில் முறையான சி.டி. எடுக்க இரண்டு வாரம் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது; தீபத் திருவிழா முடிந்து பேருந்துக் கூட்டம் தணியட்டும் என்று இருக்கலாம். ஆடி போகட்டும், பிறகு மகள் திருமணம் முடியட்டும், பிறகு அறுவடை ஆகட்டும் என்று இரண்டு ஆண்டு போய்விடுவதைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம்.

காத்திருக்கும் அந்த நாள்களில் வீட்டில் நடப்பதைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்று மகன் வெளியே வந்து மெல்லக் கேட்பார். சற்று நேரத்தில் அப்பா எங்களைத் தனியே அழைத்து, “பிள்ளைக்குச் சொல்லாதீர்கள், பயந்துவிடுவான்” என்பார். இரண்டு பக்கமும் அன்புதான். ஆனால் சாய மருந்து ஒவ்வாமை முன்னர் வந்ததா, சிறுநீர் எப்போது நிறம் மாறியது, எந்த மாத்திரையை எவ்வளவு காலமாக உட்கொள்கிறார் என்பனவற்றை அறிந்தவர் நோயாளி ஒருவரே. ‘கல் பார்க்கத்தான் இந்த ஸ்கேன்’ என்று அவரிடம் சொல்லி அழைத்து வந்தால் அந்த விவரங்கள் நமக்குக் கிடைப்பதில்லை. “ஒரு புடைப்பு தெரிகிறது, என்னவென்று இன்னும் தெரியாது, பார்க்கப் போகிறோம்” என்பது பொய்யும் அன்று, கொடுமையும் அன்று. அந்தக் கட்டத்தில் மருத்துவருக்குத் தெரிந்ததும் அவ்வளவே.

பரிசோதனைக்கு வருவோர் கொண்டுவர வேண்டியவை குறித்துச் சில சொற்கள். இங்கிருந்து வேலூர் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். புதுச்சேரி நூறுக்கு மேல். சென்னை இன்னும் தொலைவு. மறுகருத்துக் கேட்கப் போவதில் தவறே இல்லை, போங்கள். அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள். தாளை மட்டும் பார்க்கும் மருத்துவர் மீண்டும் சி.டி. எடுக்கச் சொல்வார், கதிர்வீச்சும் சாய மருந்தும் செலவும் இரண்டாம் முறை. ஐந்து ஆண்டுக்கு முன் விபத்துக்காகவோ கல்லுக்காகவோ எடுத்த பழைய படம் வீட்டுப் பரணில் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். அன்றும் அதே இடத்தில் அதே அளவில் அந்தப் புடைப்பு இருந்தது என்று தெரிவது, எந்தப் புதிய பரிசோதனைக்கும் ஈடான சான்று.

சாய மருந்துக்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் உட்கொள்வோர் அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். தாமாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு நுண்குமிழி மருந்து செலுத்திச் செய்யும் அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. போன்ற மாற்று வழிகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே விசாரித்துக்கொள்ளலாம்.

பெயர் தெரிந்தபின் வழிகள் பிரிகின்றன. புற்று என்று உறுதியானாலும், சிறியதாக இருந்தால் கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கும் அறுவையே இன்று முதல் தேர்வு. அது தம் கட்டிக்குப் பொருந்துமா என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். ஆஞ்சியோமயோலிபோமா நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. இரத்தக் குழாய் வழியே சென்று அதற்கான ஓட்டத்தை அடைக்கும் சிகிச்சை உண்டு. கருவுற எண்ணும் பெண்கள் முன்னதாகவே ஆலோசிக்க வேண்டும். ‘2-எஃப்’ என்று சொல்லப்பட்டவர்கள் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதன்பின் ஆண்டுக்கொரு முறை என ஐந்து ஆண்டுகள் வரை படம் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு முறை பெரும்பாலோர் தவறாமல் வருகிறார்கள். மூன்றாம் முறைதான் நின்றுபோகிறது. ஆகவே இவ்வகை நோயாளிகளின் குடும்பத்தினர், அடுத்த ஸ்கேனுக்கான நாளைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் இன்றே குறித்து, குறுந்தகட்டைக் குடும்ப அட்டை வைக்கும் பையிலேயே வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.